சைக்கிள் என்ன பிழை செய்தது? ‘திருத்து’ என்ற சொல் பற்றி

மார்ச் 2 (ஒரு வாசகரின் கேள்வி)

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பழைய கடைவரிசையில் ஒரு பெயர்ப்பலகை இன்னும் தொங்குகிறது. ‘இங்கு சைக்கிள் திருத்தப்படும்’ என்று எழுதியிருக்கிறது. கடையை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். சைக்கிள் என்ன கட்டுரையா எழுதியது, அதில் என்ன எழுத்துப்பிழை என்று என் மகள் கேட்டுச் சிரிக்கிறாள். ‘பழுதுபார்க்கப்படும்’ என்பதுதானே சரி? பலகையை எழுதியவர் தமிழ் அரைகுறையாகத் தெரிந்தவர் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

மார்ச் 2, இரவு (என் பதில்)

அரைகுறை என்ற தீர்ப்பை முதலில் திரும்பப் பெறுங்கள். அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். அது உங்கள் வீட்டுத் தமிழ் இல்லை, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தார் பழுதான எதையும் திருத்துவார்கள். கார் திருத்துவார்கள், மணிக்கூடு திருத்துவார்கள், கூரை திருத்துவார்கள். ‘வீதித் திருத்த வேலை’ என்று இலங்கைச் செய்தித்தாள்களில் இன்றும் வருகிறது. அங்கே யாரும் சிரிப்பதில்லை.

அந்தச் சொல் இந்த வட்டாரத்துக்கு வந்த வழியில் புதிர் ஏதும் இல்லை. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோலா செபெத்தாங்குக்கு, முதல் ரயில் ஓடியது. அதன் பிறகு தண்டவாளம் நீள நீள, கிராணி (எழுத்தர்) வேலைக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கும் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் வந்துகொண்டே இருந்தார்கள். ரப்பர் தோட்டங்களிலும் அலுவலகக் கிராணி, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் என்றால் பல இடங்களில் அவர்கள்தாம், இல்லாவிட்டால் மலையாளிகள். நம் ஆட்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள், அவர்கள் கணக்கு எழுதினார்கள். சைக்கிள் வாங்கும் சம்பளமும் கணக்கு எழுதியவருக்குத்தான் இருந்தது. கடைக்காரர் யாருக்காகப் பலகை எழுதியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

மார்ச் 3

மேலே சொன்னதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டவருக்கு: ஆதாரம் என் அம்மா.

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு எதிரே மேட்டில் டிரஸர் வீடு. அம்மா பால்மரம் வெட்டிவிட்டு வந்து, மாலையில் அங்கே துணி துவைக்கப் போவார். ‘மணிக்கூட்டைத் திருத்தக் கொடுத்திருக்கிறது’ என்று டிரஸரின் மனைவி சொல்வதை வீட்டுக்கு வந்து அதே இழுவையோடு நடித்துக் காட்டுவார். நாங்கள் உருண்டு சிரிப்போம். எங்கள் வீட்டில் மணிக்கூடும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு, அடிக்கும் மணிதான் நேரம். கிண்டலுக்காகக் கொண்டுவந்த அந்தச் சொல் மெல்ல எங்கள் வீட்டிலேயே குடியேறிவிட்டது. ‘மழைக்கு முன்னால் கூரையைத் திருத்த வேண்டும்’ என்று அம்மா ஒரு நாள் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அம்மா நடித்துக் காட்டவும் இல்லை.

மார்ச் 3, சிறிது நேரம் கழித்து

‘பழுதுபார்’ என்ற சொல்லின் மேல் எல்லோருக்கும் இவ்வளவு மரியாதை ஏன் என்று தெரியவில்லை. பழுதைப் பார்ப்பதாக மட்டுமே அந்தச் சொல் உறுதி கொடுக்கிறது. பார்த்துவிட்டுக் காசு வாங்கி அனுப்பிய பட்டறைகள் எனக்குத் தெரியும்.

மார்ச் 5

இலக்கணம் கேட்டவர்களுக்கு. திருந்து என்பது தன்வினை, திருத்து என்பது பிறவினை. வருந்து வருத்து, பொருந்து பொருத்து, அடங்கு அடக்கு, திரும்பு திருப்பு போல நடுவில் உள்ள மெல்லினம் வல்லினமாகிறது. தானாக நடந்தால் மூக்கால் ஒலிக்கிறோம், ஒருவர் செய்தால் அழுத்தி ஒலிக்கிறோம். ஐந்தாம் வகுப்புப் பாடம்தான். ஆனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ‘திருத்து’வை மட்டும் பிடித்துக்கொண்டால், அது பிழையின் பின்னாலேயே ஓடும் சொல்லாகத் தெரியும்.

‘செய்வன திருந்தச் செய்.’ நம் தமிழ்ப்பள்ளிகளில் ஆத்திசூடி ஒட்டாத சுவர் குறைவு. அதில் இந்த வரியும் இருக்கும். முதலில் தப்பாகச் செய், பிறகு திருத்து என்றா ஔவையார் சொல்கிறார்? செய்யும்போதே அதற்குரிய வடிவம் அமையும்படி செய் என்கிறார். அங்கே பிழைக்கு இடமே இல்லை. சங்கப் பாட்டில் ‘திருந்திழை’ என்று ஒரு பெண்ணை அழைக்கிறார்கள். நன்றாகச் செய்த நகை அணிந்தவள் என்று பொருள். அந்த நகை முன்பு கோணலாக இருந்து தட்டி நிமிர்த்தியதாக யாரும் உரை எழுதவில்லை.

ஆக, ‘திருந்து’ என்றால் ஒரு பொருள் தனக்கு உரிய வடிவத்துக்கு வருவது. பிழை இருந்தால் அது போகும். இல்லாவிட்டாலும் சொல்லுக்கு வேலை உண்டு. கேள்வி கேட்டவரின் மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

மார்ச் 5, இரவு

‘திருத்தந்தை’ என்ற சொல்லும் இதிலிருந்துதான் வந்ததா, பாவிகளைத் திருத்துபவர் என்பதாலா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. அது திரு, தந்தை. திருத்தலம், திருத்தேர், திருத்தொண்டர் எல்லாம் அதே கூட்டம். போப்பாண்டவரை விட்டுவிடுங்கள்.

மார்ச் 6

முடிதிருத்தும் கடையை யாராவது எழுப்புவார்கள் என்று காத்திருந்தேன், ஈப்போக்காரர் எழுப்பிவிட்டார். நம் ஊர்க் கடைகளில் பலகை இரண்டு மொழியில் இருக்கும். மலாயில் ‘கெடாய் குந்திங் ரம்புட்’. குந்திங் என்றால் கத்தரி. முடியைக் கத்தரிக்கும் கடை, நேர்மையான பெயர். அதற்குக் கீழே தமிழில் ‘முடிதிருத்தும் நிலையம்’. முடியில் என்ன பிழை? வளர்ந்ததுதான் அது செய்த குற்றம். அதைக் கொஞ்சம் வெட்டி, காதோரம் ஒதுக்கி, முகத்துக்குப் பொருந்தும் வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். புருவம் திருத்துவதும் அப்படியே. பண்டிகைக்கு முதல் நாள் அழகு நிலையத்தில் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்தப் பெண் செய்வதைப் பாருங்கள். இருக்கிற புருவத்துக்குள் ஒரு வளைவைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். புதிதாக ஒன்றை வைப்பதில்லை.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். முழுமொட்டை அடித்தால் அதை யாரும் முடிதிருத்தம் என்று சொல்வதில்லை. பத்துமலையில் காணிக்கை கொடுப்பவர் முடி இறக்குகிறார், திருத்துவதில்லை. பொருள் மிச்சம் இருந்தால்தான் திருத்தம்.

இன்னொரு செய்தி, தொடர்பில்லாதது. முடிதிருத்தும் கடை, ஜவுளிக்கடை, நகைக்கடை இந்த மூன்றுக்கும் வெளிநாட்டு ஆட்களை எடுக்க அரசு 2023இல் மறுபடியும் வழிவிட்டது. அதற்கு முன்பு எத்தனை கடைகள் ஆளில்லாமல் மூடிக் கிடந்தன என்று நினைத்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் கத்தரி பிடிக்க மாட்டார்கள், ஆனால் கடை மட்டும் வாசலிலேயே இருக்க வேண்டும் நமக்கு.

மார்ச் 6, மதியம்

கும்பகோணத்திலிருந்து ஒருவர்: ‘எங்கள் ஐயங்கார் வீடுகளில் காய்கறியைத் திருத்துவார்கள், நறுக்குவதில்லை.’ ஆமாம். நறுக்கு, வெட்டு என்ற சொற்களில் கொலை வாடை அடிக்கிறது என்று அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பெருமாளுக்குப் படைக்கப் போகும் வாழைக்காயை வெட்டினேன் என்று சொல்ல வாய் வராது. தோல் சீவி, காம்பு நீக்கி, தளிகைக்குத் தகுதியாக்குவது திருத்துவது.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: நாம் நேர் எதிர். பால்மரத்தைக் கீறுவதற்கு நாம் வைத்த பெயர் ‘மரம் வெட்டு’. மரம் சாய்வதில்லை. இடமிருந்து வலமாகச் சரிவாக, மெல்லிய தாள் கனத்துக்குப் பட்டையைச் சீவுவதுதான் அந்த வேலை. உளி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நிரையிலேயே நிறுத்தி வைத்துத் திட்டுவார். இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு ‘வெட்டு’ என்று பெயர். கத்தரிக்காயை இரண்டாகப் பிளப்பதற்குத் ‘திருத்து’ என்று பெயர். சொல்லை யார் வைத்திருக்கிறார்களோ அவர்களைப் பொறுத்தது.

மார்ச் 8

காடு.

பாடநூல்களிலும் விழா மலர்களிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: ‘நம் முன்னோர் காடு திருத்திக் கழனியாக்கினர், ரப்பர் தோட்டங்களை உருவாக்கினர்.’ நானும் இதை எத்தனையோ முறை அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். கோலாலம்பூரில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவனாக வேலை பார்த்தவன் நான். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பிவிடுவேன்.

என் பாட்டி ஒருபோதும் ‘காடு திருத்தினோம்’ என்று சொன்னதில்லை. ‘காட்டை அழித்தோம்’ என்பார். மரத்தைச் சாய்த்து, வெயிலில் காயவிட்டு, தீ வைத்து, கரியிலும் சாம்பலிலும் குழி வெட்டி, கன்று நட்டவர்கள் அவர்கள். அந்த வேலையில் எதையும் திருத்தியதாக அவருக்கு நினைவில்லை.

சங்கப் புலவரும் பாட்டியின் கட்சிதான். கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலையில் ‘காடு கொன்று நாடாக்கி’ என்று வருகிறது. கொன்று. அரசனைப் புகழும் பாட்டில்கூட அந்தப் புலவர் மென்மையான சொல்லைத் தேடவில்லை. இன்று யாராவது விழா மலரில் ‘நம் முன்னோர் காடு கொன்றனர்’ என்று எழுதிப் பார்க்கட்டும், மலர்க்குழு கூடி அதை நீக்கிவிடும்.

காட்டைத் திருத்தினார்களா என்று பாட்டியைக் கேட்பதைவிடக் கொசுவைக் கேட்கலாம். மலைச்சரிவில் காட்டை அழித்ததும், நிழலில் ஓடிய ஓடைகள் மேல் வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த நீரோடையில் பெருகும் அனோஃபிலிஸ் மாக்குலாட்டஸ் என்ற கொசுவுக்கு அது கொண்டாட்டம். மலேரியா தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1901 முதல் கிள்ளான் பகுதியில் மலேரியாவை ஆராய்ந்த டாக்டர் மால்கம் வாட்சன் இதைக் கண்டு சொன்னவர்களில் முக்கியமானவர். ஒரு கொசுவுக்குச் சதுப்பை வடித்தால் போதும். இன்னொன்றுக்கு ஓடையை மூடியோ எண்ணெய் ஊற்றியோ ஆக வேண்டும் என்று பிரித்துப் பார்த்தவர் அவர். குளிர்காய்ச்சலில் போனவர்கள் கணக்கில் நம் ஆட்களே அதிகம். இந்தக் காட்டைத் திருத்தியதற்குக் கிடைத்த கூலி அது.

மார்ச் 9

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தமிழாசிரியர் காரமாகப் பதில் எழுதியிருக்கிறார்: ‘நிலம் திருத்துதல் பழைய வழக்கு. வயல் திருத்து, வாய்க்கால் திருத்து என்று உழவர் சொல்வது தவறா? உங்கள் பாட்டி ஒருவர் சொல்லவில்லை என்பதற்காக ஊர் வழக்கைத் தள்ளலாமா?’

தள்ளவில்லை. வயல் திருத்தினான் என்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. வயல் முன்பும் வயல், பின்பும் வயல். வரப்பு நேராகும், மேடு தட்டையாகும். காடு திருத்தினால் மிஞ்சுவது காடு இல்லை. மொட்டைக்குச் சொன்ன அதே கணக்கு இங்கேயும் செல்லும்.

ஆனால் ஆசிரியர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, இரவெல்லாம் யோசித்தேன். ‘காடு’ என்பதற்கு உழவன் வாயில் மரம் அடர்ந்த வனம் என்ற ஒரே பொருள் இல்லை. கொங்குநாட்டில் புன்செய் நிலத்தையே காடு என்கிறார்கள், சோளக்காடு, கடலைக்காடு. முள்ளும் கல்லும் கிடக்கும் அந்தக் காட்டைத் திருத்தலாம், அது காடாகவே இருக்கும். பேராக் மலையடிவாரத்துக் காடு அந்தக் காடு இல்லை. சொல் கப்பலேறி வந்தது, நிலம் வரவில்லை.

கோலா கங்சார் போகிறவர்கள் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே நிற்கும் பழைய ரப்பர் மரத்தைப் பார்க்கலாம். 1877இல் நட்ட கன்றுகளில் எஞ்சியது. நமக்கு எல்லா வேலையும் அங்கிருந்து ஆரம்பித்தது.

மார்ச் 9, இரவு

‘மறுநடவுக்கு ரப்பரைச் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டார்களே, அது எந்தக் கணக்கு?’ அது மாற்றுவது. 1917இல் சிலாங்கூரில் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்ட இடத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம். தென்னை என்று பெயர் வைத்துக்கொண்டு செம்பனை வளர்த்தார்கள். பெயரை இன்றுவரை யாரும் திருத்தவில்லை.

மார்ச் 11

கிள்ளானிலிருந்து ஒருவர் வாதத்தின் அடிவயிற்றில் குத்தியிருக்கிறார். அவர் எழுதியது: ‘திருத்து என்றால் உரிய வடிவத்துக்குக் கொண்டுவருவது என்கிறீர்கள். அப்படியானால் காசோலையைத் திருத்தி மோசடி, பிறந்த தேதியைத் திருத்தி வேலை என்று பத்திரிகையில் வருகிறதே, அது எந்த உரிய வடிவம்?’

நல்ல கேள்வி. இந்தப் பொருள் எனக்கு வீட்டிலேயே பழக்கம். அப்பாவின் அடையாள அட்டையில் இருக்கும் வயது அப்பாவின் வயது இல்லை. சிறுவனாக இருந்தபோதே அவரைப் பெரட்டில் நிறுத்தப் பாட்டி கேட்டார், தோட்டத்து அலுவலகத்தில் ஒருவர் வயதைக் கூட்டி எழுதினார். ‘திருத்திக் கொடுத்தார், நல்ல மனிதர்’ என்றுதான் பாட்டி கடைசிவரை சொன்னார். அதே மனிதர் சம்பள நாளில் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், முழு நாளை அரை நாளாகத் திருத்தினார் என்றும் பாட்டியே சொல்வார். அப்போது அவர் நல்ல மனிதர் இல்லை. சொல் மட்டும் மாறவில்லை.

யோசித்துப் பார்த்தால், மோசடிக்காரனும் தன் பார்வையில் ஒரு வடிவத்தைத்தான் தேடுகிறான். தாள் அதே தாள், கையெழுத்து அதே கையெழுத்து, நடுவில் ஓர் எண் மட்டும் வேறு. முழுத்தாளையும் புதிதாக எழுதினால் அது போலி. இருப்பதில் கை வைத்தால் திருத்தல். பொருள் மிச்சம் இருக்க வேண்டும் என்ற விதி இங்கேயும் நிற்கிறது. ‘உரிய’ என்ற என் பங்கு மட்டும் ஆட்டம் காண்கிறது. யாருக்கு உரியது என்று கேட்டால் இந்தச் சொல் பதில் சொல்லாது. அதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 11, இன்னும்

விடைத்தாள் திருத்துவது இன்னும் விசித்திரம். ஆசிரியர் எதையும் மாற்றுவதில்லை. சிவப்பு மையில் சுழிக்கிறார், மதிப்பெண் போடுகிறார், நகர்கிறார். திருத்தியவர் ஆசிரியர், திருந்த வேண்டியது பிள்ளை, தாள் அப்படியே இருக்கிறது. அடுத்த நாள் பிள்ளை மலாய்ப் புத்தகத்தில் ‘பெம்பெத்துலான்’ என்றும் தமிழ்ப் புத்தகத்தில் ‘பிழைத்திருத்தம்’ என்றும் தலைப்பிட்டு, ஒரே சொல்லை வரிசையாக எழுதிக்கொண்டு போகும். என் பேத்தி முதலில் எல்லா வரியிலும் முதல் எழுத்தை எழுதுகிறாள், பிறகு எல்லா வரியிலும் இரண்டாம் எழுத்தை. ஆலையில் வேலை செய்வது போல. சொல்லை ஒரு தடவைகூட முழுதாகப் படிப்பதில்லை.

மார்ச் 13

மலாய் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அவர்கள் இந்த வேலைகளைத் தனித்தனிச் சொல்லுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பள்ளிப் பிழைக்கு ‘பெத்துல்’ வழியாக ஒரு சொல், காருக்கும் கூரைக்கும் ‘பாயிக்கி’, சட்டத்துக்குப் ‘பிண்டா’. தமிழில் மூன்றையும் திருத்து ஒன்றே சுமக்கிறது. இலங்கைத் தமிழில் இன்னும் கொஞ்சம் பாரம் கூட. 2019இல் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தபோது நாம் ‘அரசியலமைப்புத் திருத்தம்’ என்று எழுதினோம். 21 என்பது பிழை என்று யாரும் சொல்லவில்லை. அரசியலமைப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, ஒரு பிரிவில் எண் மாறியது. காசோலைக்காரன் செய்ததும் எண்ணை மாற்றியதுதான் என்று கிள்ளான்காரர் எழுதுவதற்கு முன்பே நானே எழுதிவிடுகிறேன்.

மார்ச் 14

எழுத்துச் சீர்திருத்தம் பற்றிக் கேட்டவருக்கு மெய்ப்பு அறையிலிருந்து சில வார்த்தை. பெரியார் 1935இல் குடி அரசு இதழில் தொடங்கிவைத்த எழுத்துமாற்றத்தில் ஒரு பகுதியை, 1978இல் தமிழ்நாட்டு அரசு ஆணையாகப் போட்டது. பிறகு சிங்கப்பூரும் நாமும் ஏற்றோம். தும்பிக்கை தூக்கிய ணை, லை, ளை, னை நால்வரும் தும்பிக்கை இழந்தார்கள். சுழித்து எழுதிய ணா, றா, னா மூவரும் சாதாரணக் கால் வாங்கினார்கள். இங்கே மகாத்மா காந்தி கலாசாலை 1954இல் திறந்தபோது ‘கலாசாலை’ என்று எழுதினால் கடைசி எழுத்துக்குத் தும்பிக்கை இருக்கும். அதில் பிழை ஏதும் இல்லை, அதுதான் அன்றைய சரியான எழுத்து.

மாற்றம் வந்த காலத்தில் என் மேசைக்கு வந்த மெய்ப்புகளில் பாதித் தும்பிக்கை, பாதி புதியது. அச்சுக்கோப்பவர்களின் கை பழைய பெட்டிக்கே போகும். நான் ஓரத்தில் குறி போட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு மூத்த அச்சுக்கோப்பவர் ஒரு நாள் வந்து மேசையில் கையை ஊன்றிக் கேட்டார்: ‘தம்பி, நேற்றுவரை இப்படிக் கோக்காவிட்டால் திட்டினீர்கள். இன்று இப்படிக் கோத்தால் திட்டுகிறீர்கள். எந்த நாளில் நான் பிழை செய்தேன்?’ அவருக்குக் கொடுக்க என்னிடம் பதில் இல்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 16

ஆட்களைத் திருத்த முடியுமா என்று இந்தப் பேச்சு போகும் என்று தெரியும். போய்விட்டது.

‘அவன் திருந்த மாட்டான்’ என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு. ‘அவனைத் திருத்த முடியாது’ என்பது அதைவிடக் கொஞ்சம் இரக்கம் உள்ளது, குற்றத்தில் பாதியைத் திருத்துகிறவர் ஏற்கிறார். சீர்திருத்தம் என்ற பெரிய சொல்லுக்குள்ளும் இதே வினைதான் உட்கார்ந்திருக்கிறது. போர் முடிந்த கையோடு கெடாவில் தொண்டர் படை என்று ஓர் இயக்கம் எழுந்தது. 1947இல் பீடோங் பக்கத்து ஹார்வர்டு தோட்டம் அதன் மையம். கள்ளுக்கடை வாசலில் நின்று மறித்தார்கள். குடித்தவனைப் பிடித்து ஊர் நடுவில் நிறுத்தித் தண்டித்தார்கள் என்றும் சொல்வார்கள். கள்ளுக்கடைக்கு அனுமதி கொடுத்தது அரசு, கள் குடித்துப் படுத்தால் ஆதாயம் தோட்ட முதலாளிக்கு, கட்டிவைத்துத் திருத்தியது மட்டும் நம்மவனை. ஆனாலும் அந்த இளைஞர்களை நான் குறைசொல்ல மாட்டேன். வீட்டில் அடிவாங்கிய பெண்கள் அவர்களை வாழ்த்தியிருப்பார்கள்.

மலாக்கா தெலுக் மாசில் இருக்கும் ஹென்றி கர்னி பள்ளியைத் தமிழில் ‘சீர்திருத்தப் பள்ளி’ என்கிறோம். அங்கே போய்வந்த ஒருவன் எங்கள் லயத்தில் இருந்தான். தச்சு வேலை கற்றுக்கொண்டு வந்தான். ‘திருந்திவிட்டாயா?’ என்று கேட்டால், ‘திருத்திவிட்டார்கள்’ என்பான். அந்த ஒற்றை எழுத்து வேறுபாட்டை எந்த இலக்கண ஆசிரியரும் அவனைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லவில்லை.

மார்ச் 18

‘திருந்திய நெல் சாகுபடி’ எந்த வகை என்று தஞ்சாவூர்க்காரர் கேட்கிறார். இளநாற்றை ஒற்றையாக, இடைவெளிவிட்டு நட்டு, நீரைக் குறைத்துப் பாய்ச்சும் முறை. மடகாஸ்கரில் பிறந்தது. தமிழ்நாட்டில் ‘செம்மை நெல் சாகுபடி’ என்றும் சொல்கிறார்கள். நெல் எந்தக் குற்றமும் செய்து திருந்தவில்லை. ஔவையாரின் ‘திருந்த’தான் இது. என் கட்சிக்கு ஒரு சாட்சி, நன்றி.

மார்ச் 19

கேள்வி கேட்டவரின் மகள் பதில் அனுப்பியிருக்கிறாள் என்று அவர் எழுதியிருக்கிறார்: ‘அப்படியானால் கைப்பேசியில் தானாகத் திருத்துகிறதே, அது திருந்துவதா திருத்துவதா?’ குறும்புக்காரப் பெண். என் கைப்பேசி ‘மண்டோர்’ என்று அடித்தால் ‘மண்டபம்’ என்று மாற்றுகிறது. இது திருத்துவதும் இல்லை, திருந்துவதும் இல்லை, அடம். ‘பெரட்டு’ என்று அடித்தால் என்ன செய்கிறது என்பதை இங்கே எழுத முடியாது.

மார்ச் 21

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. பழைய மாணவர் சங்க மலரை மறுபடி அச்சிடுகிறார்களாம். முதல் பக்கத்தில் ‘திருத்திய பதிப்பு’ என்று போடுவதா, ‘திருந்திய பதிப்பு’ என்று போடுவதா என்று செயலாளர் கேட்கிறார். இரண்டும் வழக்கில் உண்டு. ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சரிசெய்திருந்தால் திருத்திய பதிப்பு. புத்தகம் இப்போது நல்ல வடிவத்தில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல விரும்பினால் திருந்திய பதிப்பு. யார் உழைத்தார்கள் என்பது அதில் தெரியாது. பழைய படத்தையும் பழைய பிழையையும் அப்படியே வைத்து, அட்டையின் நிறத்தை மட்டும் மாற்றியிருப்பதாக உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். ‘இரண்டாம் பதிப்பு’ என்று போட்டுவிடுங்கள்.